லூத்தரின் 1523ஆம் ஆண்டு நூல் மத உரிமைக்கு ஆதாரமாகுமா?

கேள்வி:
மத சுதந்திரம் மனித உரிமை என்று வாதிடும் லூத்தரன் கட்டுரைகள், உலகியல் அதிகாரத்தை, அதாவது அரசர்களின் அதிகாரத்தைப் பற்றி ஜெர்மன் திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1523இல் எழுதிய நூலையே சுட்டுகின்றன. ஆனால் 1536இல், மறுஸ்நானக்காரருக்கு (குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காமல், வளர்ந்தபின் மீண்டும் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்களுக்கு) மரண தண்டனை தரலாம் என்ற கருத்துரையில் அவரே கையெழுத்திட்டார். இரண்டையும் எப்படிச் சேர்த்து வாசிப்பது?

பதில் 1:
முதலில் 1523இன் சூழலைப் பாருங்கள். லூத்தரின் ஜெர்மன் புதிய ஏற்பாட்டை விற்கவோ வைத்திருக்கவோ கூடாது என்று சாக்சனிக் கோமகன் ஜார்ஜ் தடை போட்டிருந்தார். உடலும் உடைமையும் அரசனுக்கு உட்பட்டவை, ஆன்மா அப்படியல்ல என்பது லூத்தரின் பதில். இருதயத்தை அரசனால் பார்க்க முடியாது. வற்புறுத்தினால் வாய் பொய் சொல்லும், அவ்வளவுதான். தப்பறையை (தவறான மதக் கொள்கையை) இரும்பால் வெட்டவோ, நெருப்பால் எரிக்கவோ, தண்ணீரில் மூழ்கடிக்கவோ முடியாது என்கிறார். லூத்தரன்களின் அடிப்படைக் கொள்கை அறிக்கையான 1530இன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, 28ஆம் பிரிவும் இதையே ஆயர்களுக்குச் சொல்கிறது: தவறான போதனையை விலக்குவது மனித வல்லமையால் அல்ல, தேவ வார்த்தையால் மட்டுமே.

இங்கே பலர் சறுக்குகிறார்கள். லூத்தர் வகுத்தது அரசனுக்கான எல்லை. தனிமனிதர் கோரக்கூடிய உரிமை என்று அவர் எழுதவில்லை.

பதில் 2:
விரிசல் எங்கே விழுந்தது என்பதையும் கட்டுரையில் காட்டியாக வேண்டும். 82ஆம் சங்கீதத்துக்கு 1530இல் எழுதிய விளக்கத்தில், வெளிப்படையான தேவதூஷணத்தை அரசன் தண்டிக்கலாம் என்கிறார் லூத்தர். உள்ளே நம்புவதற்குத் தடையில்லை, வெளியே போதிப்பதுதான் குற்றம்! லூத்தரின் நெருங்கிய சக சீர்திருத்தவாதி மெலாங்க்தன் எழுதிய, லூத்தர் கையெழுத்திட்ட 1536 கருத்துரை நுழைந்ததும் இந்த வாசல் வழியாகத்தான். அதற்கும் முன்பே, 1529இல் ஸ்பயர் நகரில் கூடிய பேரரசு மன்றத்தில், மனச்சாட்சியைச் சொல்லி எதிர்ப்புத் தெரிவித்தார்கள் லூத்தரன் சிற்றரசர்கள். மறுஸ்நானக்காரருக்கு மரணம் என்ற ஆணை பிறந்ததும் அதே மன்றத்தில்தான். இதை மறைத்து எழுதும் கட்டுரை நேர்மையானதல்ல. அன்று மாற்றுக் குரலே இல்லை என்றும் சொல்ல முடியாது: ஆவிக்குரிய பிழைக்கு வாள் மருந்தல்ல என்று 1528இலேயே வாதிட்டவர் லூத்தரன் போதகர் யோகன்னஸ் பிரென்ஸ்.

ஜெர்மன் பேரரசில் கத்தோலிக்க, லூத்தரன் அரசர்களிடையே ஏற்பட்ட 1555 ஆக்ஸ்பர்க் சமாதான ஒப்பந்தத்தை மத சுதந்திரம் என்று எழுதிவிடாதீர்கள். தேர்வு அரசனுடையது, குடிமகனுக்குக் கிடைத்தது சொத்தை விற்று ஊரைவிட்டுப் போகும் அனுமதி. ‘எவன் நாடோ அவன் மதம்’ என்ற வாசகமும் ஒப்பந்தத்தில் இல்லை, பின்னால் வந்த சட்ட அறிஞர்கள் தந்த சுருக்கம் அது.

பதில் 3:
1523இலிருந்து நேராக 1948க்குத் தாவாமல், இடையிலுள்ளதைச் சொல்லிவிட்டு அந்த ஆண்டின் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆம் பிரிவுக்கு வாருங்கள். அதன் உருவாக்கத்தில் திருச்சபைகளின் சார்பில் முனைந்து உழைத்த ஃபிரெடரிக் நோல்டே ஓர் அமெரிக்க லூத்தரன் இறையியலாளர். மதம் மாறும் உரிமையும், பொதுவிலோ தனியாகவோ போதிக்கும் உரிமையும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. 1530இல் லூத்தர் வாளுக்கு விட்டுக்கொடுத்த அந்தப் போதனையைத்தான் இந்தப் பிரிவு காக்கிறது. இரண்டு வாசகங்களையும் அருகருகே வைத்து வாசித்தால் உங்கள் கட்டுரைக்கு மையம் கிடைத்துவிடும்.

மறுஸ்நானக்காரரின் வழிவந்த மெனோனைட்டுகளிடம் லூத்தரன் உலக சம்மேளனம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2010இல், ஸ்டுட்கார்ட் பேரவையில். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.