எடை குறைந்த, வேகமான பேட்மிண்டன் மட்டை: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் ஆடத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வாரத்தில் நான்கு நாட்கள், பெரும்பாலும் இரட்டையர் ஆட்டம்தான். இப்போது என்னிடம் இருப்பது 3யூ எடைப்பிரிவைச் (யூவுக்கு முன் உள்ள எண் கூடினால் எடை குறைவு) சேர்ந்த, தலைப்பகுதி கனமான மட்டை. பின்களத்திலிருந்து மேலிருந்து கீழாக வலுவாக ஸ்மாஷ் அடிக்கும்போது அது நன்றாகவே கைகொடுக்கிறது. ஆனால் எதிரணியினர் என் உடலை நோக்கித் தட்டையாக டிரைவ் அடிக்கத் தொடங்கிவிட்டால் முதல் ஷட்டிலை எப்படியோ எடுத்துவிடுகிறேன். இரண்டாவது வரும்போது மட்டை இன்னும் இடுப்பருகிலேயே நிற்கிறது, ஷட்டில் என் வலது தோளை உரசிக்கொண்டு பின்னால் போய்விடுகிறது. மூன்றாவது கேமை எட்டுவதற்குள் முன்கையும் சோர்ந்துவிடுகிறது.

ஆகவே எடை குறைந்த, விரைவாகச் சுழலும் மட்டை ஒன்று வாங்க எண்ணுகிறேன். 4யூ போதுமா, அல்லது 5யூவுக்கே போய்விடலாமா? ஸ்மாஷின் வலு மிகவும் குறைந்துவிடுமா? நரம்பை எத்தனை பவுண்டில் கட்டுவது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

வணக்கம். உங்கள் கேள்வியில் "எடை குறைந்த", "விரைவாகச் சுழலும்" என்ற இரண்டையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறீர்கள். பலரும் இப்படித்தான் எண்ணுகிறோம். ஆனால் அவை இரண்டும் வெவ்வேறு. மட்டை தயாரிக்கும் யோனெக்ஸ் நிறுவனத்தின் அளவுமுறைப்படி 3யூ என்பது 85 முதல் 89.9 கிராம் வரை, 4யூ என்பது 80 முதல் 84.9 வரை, 5யூ என்பது 75 முதல் 79.9 வரை. அதாவது ஒரு படி இறங்கினால் குறைவது ஏறக்குறைய 5 கிராம், ஒரு ஷட்டிலின் எடை மட்டுமே. அந்த 5 கிராம் கைப்பிடியில் குறைந்ததா, தலையில் குறைந்ததா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

பொருள் ஒன்று சுழல்வதற்குக் காட்டும் தயக்கம், அதன் எடை சுழலும் மையத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அந்தத் தொலைவின் வர்க்கத்தைப் பொறுத்தது. உங்கள் பிடியிலிருந்து 10 செ.மீ. தொலைவில் உள்ள ஒரு கிராமைவிட, 50 செ.மீ. தொலைவில் சட்டத்தில் இருக்கும் ஒரு கிராம் 25 மடங்கு கூடுதலாக உங்கள் மணிக்கட்டை எதிர்க்கிறது. இதனால்தான் தலை கனமான 5யூ மட்டையைவிடத் தலை இலகுவான 4யூ மட்டை கையில் வேகமாகத் திரும்பக்கூடும்.

எனவே எடையைப் பார்ப்பதற்கு முன் சமநிலைப் புள்ளியை, அதாவது மட்டை எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைப் பாருங்கள். கைப்பிடியின் அடிமுனையிலிருந்து மில்லிமீட்டரில் அளக்கப்படும் இந்த எண், நரம்பு கட்டாத மட்டையில் 285-க்கும் கீழே இருந்தால் தலை இலகு என்றும், 295-ஐத் தாண்டினால் தலை கனம் என்றும் பொதுவாகக் கொள்ளலாம். யோனெக்ஸில் நானோஃபிளேர் வரிசை தலை இலகுவானது, ஆர்க்சேபர் நடுநிலையானது, ஆஸ்ட்ராக்ஸ் தலை கனமானது. உங்கள் ஆட்டத்துக்கு 4யூ, தலை இலகு அல்லது நடுநிலை என்பதே என் பரிந்துரை.

மறுமொழி 2

மேலே நண்பர் எழுதியது முழுவதும் சரி. 5யூ பற்றி மட்டும் என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன், ஏனெனில் அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். இலகுவாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சமநிலையைக் கவனிக்காமல் 5யூ மட்டை ஒன்றை வாங்கினேன். வலையருகே அது பறந்தது. வலையருகே வரும் ஷட்டிலைக் கீழ்நோக்கித் தட்டி முடிக்கும் நெட் கில் அடிப்பதில் அவ்வளவு சுகம். ஆனால் எதிரே வலுவாக ஸ்மாஷ் அடிப்பவர் வந்தபோது, ஷட்டில் நரம்பில் பட்ட நொடியில் மட்டையே பின்னுக்குத் தள்ளப்படுவதைக் கையில் உணர்ந்தேன். பின்களத்துக்கு உயர்த்தி அனுப்ப நினைத்த ஷட்டில் நடுக்களத்திலேயே விழுந்தது. அந்தக் குறையை ஈடுகட்ட ஒவ்வொரு அடியையும் வேகமாக வீசி வீசி, இரண்டு மாதத்தில் முழங்கையின் வெளிப்புறம் வலிக்கத் தொடங்கிவிட்டது. மட்டை இலகுவானால் கைக்கு வேலை குறையும் என்பது எப்போதும் உண்மையல்ல.

ஸ்மாஷைப் பற்றி அஞ்ச வேண்டாம். 2023 ஏப்ரலில் இந்திய இரட்டையர் ஆட்டக்காரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி ஜப்பானில் மணிக்கு 565 கி.மீ. வேகத்தில் ஸ்மாஷ் அடித்துக் கின்னஸ் சாதனை படைத்தது தலை இலகு வகையைச் சேர்ந்த நானோஃபிளேர் 1000 இசட் மட்டையில்தான். ஆனால் அந்த மட்டையின் தண்டு, அதாவது கைப்பிடிக்கும் தலைக்கும் இடையிலுள்ள பகுதி, மிகவும் விறைப்பானது. அவருடைய கை வேகம் நமக்கு இல்லாதபோது அதே தண்டு நம் கையில் வெறும் கட்டையாகத்தான் நிற்கும். மூன்று ஆண்டு அனுபவத்துக்கு நடுத்தர வளைவுள்ள தண்டு பொருந்தும். உங்கள் டிரைவ் சீராகக் குறுகிய வீச்சில் வருகிறது என்றால் மட்டும் விறைப்பான தண்டுக்குப் போகலாம், ஏனெனில் வளைந்த தண்டு நிமிர்வதற்கு அந்தக் குறுகிய வீச்சில் நேரம் போதாது.

மறுமொழி 3

நரம்பையும் கிரிப்பையும் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. புதிய மட்டை வாங்குவதற்கு முன்பே இவற்றில் கை வைக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

நரம்பின் இழுவிசை 22 முதல் 24 பவுண்டு வரை உங்களுக்குப் போதும். இழுவிசை கூடக்கூட ஷட்டில் நன்றாகத் துள்ளும் நடுப்பகுதி சுருங்கிக்கொண்டே போகும். டிரைவ் பரிமாற்றத்தில் அவசரமாக எடுக்கும் ஷட்டில்கள் எப்போதும் நடுவில் படுவதில்லை. யோனெக்ஸ் நரம்புகளில் 0.70 மி.மீ. தடிமனுள்ள பிஜி65 நீண்ட நாள் உழைக்கும். 0.65 மி.மீ. தடிமனுள்ள பிஜி66 அல்டிமேக்ஸ் துள்ளலாக இருக்கும், ஆனால் விரைவில் அறும். வேகம்தான் வேண்டும் என்றால் நான் மெல்லிய நரம்பையே எடுப்பேன்.

கடையில் எழுதியிருக்கும் சமநிலை எண் பெரும்பாலும் நரம்பு கட்டாத மட்டைக்கு உரியது. நரம்பின் எடை 4 அல்லது 5 கிராம்தான், ஆயினும் அது முழுவதும் தலையில் அமர்வதால் சமநிலைப் புள்ளி 10 மி.மீ.க்கும் மேல் முன்னே நகரும். மாறாக, கைப்பிடியில் ஏறக்குறைய 5 கிராம் எடையுள்ள ஓர் ஓவர்கிரிப்பை (கிரிப்பின் மேல் சுற்றும் மெல்லிய பட்டை) சுற்றினால் புள்ளி ஏறக்குறைய அதே அளவு பின்னே வரும். அதற்காகச் சுற்றிக்கொண்டே போகக் கூடாது. பிடி தடித்துவிட்டால் விரல்களை இறுக்கி அடிக்கும் அந்தக் கடைசிச் சொடுக்கு போய்விடும். ஜி5 (கைப்பிடியின் தடிமன் அளவு) பிடியில் ஒரு சுற்று போதும். ஆடாத நேரத்தில் மட்டையைத் தளர்வாகப் பிடித்து, அடிக்கும் கணத்தில் மட்டும் விரல்களை இறுக்கிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு ஓர் அடிக்கோலை மேசையின் மீது நிமிர்த்திப் பிடித்து, அதன் விளிம்பில் மட்டையின் தண்டைக் குறுக்காக வைத்து, எந்தப் பக்கமும் சாயாமல் நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். கைப்பிடியின் அடியிலிருந்து அந்தக் கோடு 304 மி.மீ.; நரம்பும் கிரிப்பும் சேர்த்துச் சமையலறைத் தராசில் எடை 97 கிராம். இன்று என் இணை ஆட்டக்காரரின் 4யூ தலை இலகு மட்டையை அதே முறையில் அளந்தேன்: 290 மி.மீ., 92 கிராம். எடையில் 5 கிராம்தான் வேறுபாடு. ஆனால் அவருடைய மட்டையை வாங்கி அரை மணி நேரம் டிரைவ் மட்டும் ஆடியபோது, இரண்டாவது ஷட்டிலுக்கு மட்டை நான் நினைப்பதற்கு முன்பே மார்புக்கு முன்னால் வந்து நின்றது. 4யூ, தலை இலகு, நடுத்தரத் தண்டு, 23 பவுண்டு என்று முடிவு செய்துவிட்டேன். ஒரே ஒரு சிக்கல்: ஸ்மாஷ்கள் எல்லாம் வலையில் போய் விழுந்தன.

மறுமொழி 1

அது மட்டையின் குறையல்ல. கனமான தலைக்குப் பழகிய கை அதே நேரத்தில் வீசத் தொடங்குகிறது, இலகுவான தலையோ முன்னதாகவே சுழன்று முடித்துவிடுகிறது. ஷட்டில் படும்போது மட்டையின் முகம் ஏற்கெனவே கீழ்நோக்கிக் கவிந்திருக்கிறது. வீச்சைச் சற்றே தாமதித்துத் தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் முழு வலுவில் அடிக்காமல் முக்கால் வலுவில் அடித்து, ஷட்டில் படும் உயரத்தை மட்டும் கவனியுங்கள். புதிய மட்டை வந்ததும் பழையதை உடனே யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இரட்டையர் ஆட்டத்தில் மட்டைகள் மோதிக்கொள்வது சாதாரணம், மெல்லிய சட்டம் அதில் விரிசல் விட்டால் மாற்று மட்டை கையில் இருக்க வேண்டும்.