புது சிஸ்டம் போட்டு நாலு மாதம்: தேறியதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது?

யீஷூன்_கணக்கு:
வணக்கம். மளிகை மொத்த வியாபாரக் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். தேக்கா பக்கம் கடை, துவாஸில் கிடங்கு, மொத்தம் 22 பேர். ஏப்ரலில் ஸ்டாக், டெலிவரி ஆர்டர், இன்வாய்ஸ் மூன்றையும் ஒரே சிஸ்டத்துக்கு மாற்றினோம். பிஎஸ்ஜி, அதாவது சின்ன கம்பெனிகள் இப்படி சிஸ்டம் வாங்க சிங்கப்பூர் அரசாங்கம் தரும் மானியம், பாதி வரைக்கும்தான், மீதி முதலாளி கைக்காசு. அதனால் "போட்ட காசுக்குப் பலன் உண்டா, ரிப்போர்ட் எழுது" என்று என் தலையில் கட்டிவிட்டார். சிஸ்டம் விற்றவர்கள் ஒரு ரிப்போர்ட் அனுப்பியிருக்கிறார்கள், யார் எத்தனை முறை லாகின் செய்தார்கள், எத்தனை இன்வாய்ஸ் போனது என்று கலர் கலராக. அதைப் பார்த்தால் எல்லாம் ஓஹோ. ஆனால் கிடங்கில் இருக்கும் அண்ணன் இன்னும் நோட்டுப் புத்தகத்தில்தான் மூட்டைக் கணக்கு எழுதுகிறார். யாராவது இந்த வேலையைச் செய்திருக்கிறீர்களா?

பிடோக்_வாசி:
லாகின் கணக்கைத் தூக்கிப் போடுங்கள். வேறு வழியில்லாமல்தான் எல்லாரும் லாகின் செய்கிறார்கள், அதில் என்ன தெரியும். முன்னால் நிலைமை எப்படி இருந்தது என்று ஏப்ரலுக்கு முன்பே அளந்து வைத்தீர்களா? வைத்திருக்க மாட்டீர்கள், யாரும் வைப்பதில்லை. பரவாயில்லை, வருமான வரி ஆணையத்துக்காக 5 வருட ஆவணங்கள் எப்படியும் அலமாரியில் இருக்கும். போன வருடம் மே, ஜூன், ஜூலையில் எத்தனை கிரெடிட் நோட் (இன்வாய்ஸ் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) போட்டீர்கள், சரக்கு தப்பாகப் போய்த் திரும்பியது எத்தனை, மாதக் கணக்கை முடிக்க எத்தனை நாள் ஆனது என்று எடுத்து, இந்த வருடம் அதே மூன்று மாதத்தோடு வையுங்கள். ஏப்ரலை விட்டுவிடுங்கள், அது தடுமாற்ற மாதம். தீபாவளி மாதத்தோடும் ஒப்பிடாதீர்கள், அப்போது எந்த சிஸ்டமும் திணறும்.

உட்லண்ட்ஸ்_அக்கா:
தம்பி, அந்த நோட்டுப் புத்தகம்தான் உங்கள் ரிப்போர்ட்டே. நான் சிஸ்டம் ஆடிட் வேலையில் இருக்கிறேன், ஒரு ஆபீசுக்குப் போனால் முதலில் தேடுவது இந்த மாதிரி நோட்டையும், யாரோ தனியாக வைத்திருக்கும் எக்செல் ஃபைலையும்தான். சிஸ்டம் செய்யாத எதையோ அது செய்கிறது. "ஏன் இன்னும் எழுதுகிறீர்கள்" என்று அதட்டலாகக் கேட்டால் நோட்டை ஒளித்து வைத்துவிடுவார், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காலை முழுக்கப் பாருங்கள்.

சிஸ்டம் சொல்வதுதான் சரி என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். பிரிட்டன் அஞ்சலகங்களில் 1999-லிருந்து வந்த ஹொரைசன் என்ற கணக்கு சிஸ்டம், உண்மையில் இல்லாத பணப் பற்றாக்குறையை இருப்பதாகக் காட்டியது. கிளை நடத்தியவர்கள் எங்கள் கணக்கு சரி என்று கத்தினார்கள், யாரும் கேட்கவில்லை. 900-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தண்டனை. உங்கள் கிடங்கில் அவ்வளவு தூரம் போகாது, ஆனால் மூட்டை குறைந்தால் பழி யார் மேல் விழும் என்று யோசியுங்கள்.

ஜூரோங்_டெக்:
ஒரு சிஸ்டம் பயன்படுத்த எவ்வளவு சுலபம் என்று அளக்க எஸ்யுஎஸ் என்று 10 கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது, 1986-ல் வந்தது, இன்னும் எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். 100-க்கு 68 சராசரி என்பார்கள், அதற்குக் கீழே போனால் ஆட்களுக்கு சிஸ்டம் கஷ்டமாக இருக்கிறது என்று அர்த்தம். படிவத்தைக் கொடுத்துவிட்டு வராமல் வாயால் கேட்டு நீங்களே நிரப்புங்கள். என் கருத்து, நாலு மாதத்தில் முடிவு சொல்லாதீர்கள், வருடக் கடைசி ஸ்டாக் எண்ணிக்கை முடியட்டும்.

உட்லண்ட்ஸ்_அக்கா:
அதுவரைக்கும் காத்திருந்தால் தப்பான பழக்கமெல்லாம் ஊறிப்போகும். இப்போது ஒரு முறை, ஸ்டாக் எண்ணிய பிறகு ஒரு முறை பார்க்கலாமே.

யீஷூன்_கணக்கு:
அக்கா சொன்னபடி நேற்று போனேன். விஷயம் இதுதான்: கடைசி வரிசை இரும்பு ரேக்குக்கு வைஃபை எட்டவில்லை, ஸ்கேனர் அங்கே செத்துவிடுகிறது. அண்ணன் நோட்டில் எழுதி வைத்து சாயங்காலம் நாலு மணிக்கு மொத்தமாகப் போடுகிறார். அதுவரை கடையில் இருப்பவர்களுக்குத் திரையில் காலைக் கணக்குதான் தெரியும், இல்லாத அரிசியை விற்றுவிடுகிறார்கள். கிரெடிட் நோட்டையும் எண்ணினேன், போன வருடம் மூன்று மாதத்தில் 31, இப்போது 44. இதில் பாதிக்கு மேல் அந்தக் கடைசி ரேக் சரக்கு! இன்னொன்று, கிழிந்த மூட்டையைப் பதிய சிஸ்டத்தில் இடமே இல்லை, அது அந்த நோட்டில் மட்டும்தான் இருக்கிறது.

மாதக் கணக்கு மட்டும் 9 நாளிலிருந்து 4 நாளாகியிருக்கிறது, அதையும் எழுதத்தான் வேண்டும். வெள்ளிக்கிழமை நோட்டின் போட்டோவோடு முதலாளியைப் பார்க்கிறேன். அதற்குள் ஒன்று சொல்லுங்கள், சிம் லிம் ஸ்கொயரில் விற்கும் சாதாரண வைஃபை ரிப்பீட்டர் கிடங்குக்கு ஆகுமா, இல்லை ஆளைக் கூப்பிட்டுத் தனியாக கேபிள் இழுக்கணுமா?