பிஇசட்டி படலம்: கெப்பாசிட்டன்ஸ் பாதிதான் வருது, மூன்றில் ஒரு டாட் ஷார்ட்

கிளமெண்டி_கோட்டர்:
பிளாட்டினம் பூசிய சிலிக்கான் மேல் சோல்-ஜெல்லில் (கரைசலைப் பூசிச் சுடும் முறை) 52/48 பிஇசட்டி (ஈய ஜிர்கோனேட் டைட்டனேட், 52/48 அதன் ஜிர்கோனியம்/டைட்டேனியம் விகிதம்). 4 கோட், மொத்தம் 300 நானோமீட்டர், ஈயம் 5 விழுக்காடு கூடுதல். ஸ்பின் (சுழற்றிப் பூசுவது) முடிந்ததும் நேரே 350 டிகிரி ஹாட்பிளேட். கடைசியில் ஃபர்னஸை நிமிடத்துக்கு 5 டிகிரி ஏற்றி, 650-இல் அரை மணி நேரம். டாட் (மேல் எலக்ட்ரோடு) விட்டம் 200 மைக்ரோமீட்டர். 830 பிக்கோஃபேரட் வரணும், 410தான் வருது. 100 ஹெர்ட்ஸில் லாஸ் (மின்னிழப்பு) 0.3. எஸ்இஎம்மில் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) பூப்பூவாகப் பெரிய கிரெய்ன் (படிகத் துகள்), நடுவே மாவு தூவினமாதிரி பொடிசு. எங்கே கோளாறு?

ஈயப்பாத்திரம்:
அந்த மாவு பைரோகுளோர், வேண்டாத படிக வடிவம். நமக்கு வேண்டியது பெரோவ்ஸ்கைட் வடிவம். எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிர் படிகச் சோதனை) 29.5 டிகிரி பக்கம் அகன்ற மேடு இருக்கான்னு பாருங்க. பெரோவ்ஸ்கைட் 110 முகடு 31 பக்கம் வரும். உங்க வேகத்தில் 450-லிருந்து 550-க்குப் போகவே 20 நிமிஷம். அதற்குள் பைரோகுளோர் வேர்விட்டுவிடும். பிறகு ஈயமும் ஆவியாவதால் பூக்கள் ஒன்றோடொன்று சேர முடியாது.

பூக்களின் நடுவே இருப்பதைவிட மேல்பரப்பில் படர்ந்திருப்பதுதான் மோசம், அது தொடர் கெப்பாசிட்டர். 20 நானோமீட்டர் போதும். அதன் மின்காப்பு மாறிலி 50, பெரோவ்ஸ்கைட்டுக்கு 1000 என்று வைத்தால் 280/1000 + 20/50 = 0.68, 300/0.68 = 441. உங்க 410 பிக்கோஃபேரட்டுக்கும் கிட்டத்தட்ட இதே மாறிலிதான் வருது.

ஈயத்தை 15 விழுக்காடாக்குங்க. ஆர்டிஏ (அதிவேகமாகச் சூடாக்கும் அடுப்பு) இருந்தால் வினாடிக்கு 50 டிகிரி, 650-இல் 2 நிமிஷம். இல்லாவிட்டால் 650-இல் காத்திருக்கும் ஃபர்னஸுக்குள் நேரே தள்ளுங்க. அனீலுக்கு (கடைசிச் சூடாக்கலுக்கு) முன் வெறும் ஈயக் கரைசல் ஒரு மெல்லிய கோட் போட்டால் மேல்தோல் தங்காது. ஈயத்தை அள்ளிக் கொட்டவும் வேண்டாம், மிச்சம் கிரெய்ன் எல்லையில் தங்கி லீக்கேஜ் (மின்கசிவு) ஏறும். புகை உறிஞ்சி ஓடட்டும்.

ஜூரோங்_வேஃபர்:
கெப்பாசிட்டன்ஸ் சரி. ஆனால் ஷார்ட்டுக்குப் பைரோகுளோர் மேல் பழி போடாதீங்க அண்ணே, அது நல்ல இன்சுலேட்டர். ஈரக் கோட்டை நேரே 350-இல் வைத்தால் கரைப்பான் கொதித்துத் துளை விடும். முதலில் 150-இல் 2 நிமிஷம், பிறகு 350. டாட்டை 100 மைக்ரோமீட்டராக்கிப் பாருங்க. ஷார்ட் விகிதம் சரசரன்னு குறைந்தால் ஊசித்துளைதான்.

100 ஹெர்ட்ஸ் லாஸ் வேறு கதை. ஏர்கான் ஓடினாலும் இங்கே ஈரப்பதம் விடாது, துளைக்குள் தண்ணீர் உட்கார்ந்துவிடும். சாம்பிளை 150-இல் அரை மணி வைத்து, ஆறும்போதே உலர் நைட்ரஜனில் அளங்க.

கிளமெண்டி_கோட்டர்:
அளந்தாச்சு. 0.3 இருந்தது 0.06. மறுநாள் காலை திரும்ப 0.25.

ஜூரோங்_வேஃபர்:
தண்ணீரேதான். இன்னொன்று: அனீல் சரியானதும் கிரெய்ன் தூண்தூணாக வளரும். கெப்பாசிட்டன்ஸ் ஏறும், ஆனால் எல்லைகள் கீழ் எலக்ட்ரோடிலிருந்து மேல்வரை நேராக ஓடுவதால் லீக்கேஜும் கூடலாம். அப்போது பயந்து பழைய ரெசிபிக்குத் திரும்பாதீங்க. மேல் பிளாட்டினம் போட்டபின் ஆக்ஸிஜனில் 550, 10 நிமிஷம் வைத்துவிட்டு மறுபடி அளங்க.