ஆப்பிள் மஃபின் நடுவில் குழி விழுந்து, அடியில் களியாகுது: எங்கே பிழை?

மேப்பிள்இலை:
கனடாவின் ஒன்டாரியோவில் இப்ப ஆப்பிள் காலம். தோட்டத்தில் பிடுங்கின மெக்கின்டாஷ் ஒரு கூடை கிடக்குது. மசாலா போட்ட ஆப்பிள் மஃபின் மூன்று தரம் சுட்டாச்சு, மூன்று தரமும் ஒரே பிழைதான். ஓவனுக்குள் அழகாக எழும்புது, வெளியில் எடுத்து 5 நிமிடத்தில் நடு அமிழ்ந்து குழியாகுது. அடியில் ஒரு விரல் தடிப்புக்குக் களி. ஆப்பிள் இருந்த இடமே தெரியாது. நிறம் கடும் மண்ணிறம், வாயில் லேசான சவர்க்காரக் கைப்பு.

அளவு: கோதுமை மா 2 கப், சீனி 1 கப், முட்டை 2, எண்ணெய் அரைக் கப், மோர் 1 கப், பேக்கிங் சோடா 2 தேக்கரண்டி, துருவின ஆப்பிள் 3 கப், கறுவாத்தூள் (இலவங்கப்பட்டை) 1 தேக்கரண்டி. பேக்கிங் பவுடர் போடுவதில்லை. 350 ஃபாரன்ஹீட்டில் 25 நிமிடம். குச்சியால் குத்தினால் சுத்தமாகத்தான் வருது. பிறகு ஏன் அமிழுது? முட்டை சாப்பிடாத ஆக்களுக்கும் இதையே மாற்றிச் செய்யலாமா?

தராசுமுள்:
கைப்பு, கறுப்பு நிறம், குழி மூன்றுக்கும் முதல் குற்றவாளி சோடாதான். 1 கப் மோரில் உள்ள புளிப்புக்கு அரைத் தேக்கரண்டி சோடா போதும். ஆப்பிளின் புளிப்பு இன்னும் கொஞ்சத்தைத் தின்னும். மிச்சம் ஒரு தேக்கரண்டிக்கு மேல் புளிப்போடு சேராமல் நின்றுவிடுகிறது. அது ஓவன் சூட்டில் சோடியம் கார்பனேட் ஆகிறது. சோப்பு வாடை அதனால்தான். மாவில் காரத்தன்மை (புளிப்புக்கு எதிரானது) கூடினால் மேல்பக்கம் சீக்கிரம் கறுக்கவும் செய்யும். வாயுவும் முதல் சில நிமிடங்களிலேயே மளமளவென்று வந்துவிடும். கட்டமைப்பு இறுகுவதற்கு முன்னால் ஊதிய பலூன், பிறகு இறங்காமல் என்ன செய்யும்?

அடுத்தது தண்ணீர். துருவிய ஆப்பிள் 3 கப் என்றால் கிட்டத்தட்ட 350 கிராம். ஆப்பிளில் 85 சதவீதம் நீர், அதாவது 300 கிராம் வரை. அதன்மேல் 240 மில்லி மோர். துருவும்போதே செல்கள் உடைந்துவிடுவதால் அந்தத் தண்ணீரெல்லாம் மாவுக்குள் இறங்கும். 2 கப் மாவு அவ்வளவையும் தாங்காது. தாங்காதது அடியில் போய்க் களியாக நிற்கிறது.

மூன்றாவது, கப் அளவு. பையிலிருந்து கப்பால் அப்படியே கோரினால் 145 முதல் 150 கிராம் வரும், கரண்டியால் கப்பில் போட்டு மேலே வழித்தால் 120 முதல் 125. இரண்டு கப்புக்கு 50 கிராம் வித்தியாசம் என்றால் ஒவ்வொரு தடவையும் வேறு மஃபின்தான். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள், இதைவிடப் பயனுள்ள பேக்கிங் சாமான் கிடையாது.

12 மஃபினுக்கு இந்த அளவை வைத்துப் பாருங்கள்: மாவு 250 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, பிரவுன் சுகர் 150 கிராம், முட்டை 2, எண்ணெய் 100 மில்லி, மோர் 180 மில்லி, தோல் சீவி நறுக்கிய ஆப்பிள் 250 கிராம். மோர் என்றால் கடையில் விற்கும் கெட்டியான பட்டர்மில்க். நம் வீட்டு நீர்மோர் இதற்கு ஆகாது. வீட்டில் தயிர்தான் இருக்கிறது என்றால் 130 கிராம் தயிரில் 50 மில்லி பால் விட்டு அடித்துக்கொள்ளுங்கள்.

கலந்த மாவைக் கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் வழிந்து ஓடக்கூடாது, பொத்தென்று கட்டியாக விழவேண்டும். தோசைமாவுப் பதம் வந்தால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம்.

கூடைப்பழம்:
ஆப்பிளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பிரச்சினை அங்கேதான். மெக்கின்டாஷ் 1811-ல் ஒன்டாரியோவின் டண்டெலாவில் கண்டெடுத்த ரகம். கடித்துத் தின்ன அருமை, சாஸுக்கு அதைவிட அருமை. ஆனால் சூடு பட்டதும் கரைந்து கூழாகிவிடும். மஃபினுக்குள் துண்டாக நிற்கவே நிற்காது.

துண்டு துண்டாகத் தெரியவேண்டும் என்றால் நார்தர்ன் ஸ்பை, கிரானி ஸ்மித், ஹனிகிரிஸ்ப் மூன்றில் ஒன்று. என் தேர்வு நார்தர்ன் ஸ்பை. புளிப்பும் உண்டு, வெந்தாலும் உருக்குலையாது. அக்டோபரில்தான் வரும், அதுவரை பொறுக்கவேண்டும். கோர்ட்லண்ட் நடுத்தரம், அதற்கு ஒரு நல்ல குணம்: வெட்டி வைத்தால் சீக்கிரம் கறுக்காது. ரெட் டெலிஷஸ் வேண்டவே வேண்டாம். புளிப்பு இல்லை, வெந்தால் பஞ்சு.

துருவலை விடுங்கள். 7, 8 மில்லிமீட்டர் சதுரமாக நறுக்குங்கள், கடலைப்பருப்பு இரண்டு சேர்ந்தாற்போல. அதைவிடப் பெரிதானால் துண்டைச் சுற்றி ஈரக் குழி விழும். ஆப்பிள் சுருங்கி ஆவி விட, சுற்றியுள்ள மாவு அதைக் குடித்துப் பச்சைமாவு மாதிரி நிற்கும்.

நேரம் இருந்தால் முதலில் வதக்குங்கள். 300 கிராம் துண்டுக்கு வெண்ணெய் 15 கிராம், பிரவுன் சுகர் 1 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. அகலமான சட்டியில் நடுத்தரத் தீயில் 5, 6 நிமிடம். முதலில் சளசளவென்று சத்தம் வரும், தண்ணீர் வற்றியதும் அது சடசடவென்று மாறும். அப்போது இறக்குங்கள். நன்றாக ஆறிய பிறகே மாவில் சேர்க்கவேண்டும், சூடாகப் போட்டால் பேக்கிங் பவுடர் பாத்திரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும்.

ஆப்பிளை மாவில் புரட்டிப் போட்டால் அடியில் இறங்காது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கலவை நீர்த்திருந்தால் எத்தனை புரட்டினாலும் இறங்கத்தான் செய்யும். கலவை கெட்டியாக இருந்தால் புரட்டாமலே நிற்கும்.

கையில் உள்ள மெக்கின்டாஷை என்ன செய்வது? தோல் சீவிய 500 கிராமைத் தண்ணீர் விடாமல் மூடி 10 நிமிடம் வேகவிட்டு, பிறகு திறந்து வைத்துக் கிளறுங்கள். கரண்டியால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்கும் பதம். அதில் 150 கிராமை எடுத்து, மேலே உள்ள அளவில் மோரை 80 மில்லியாகக் குறைத்துக் கலந்துவிடுங்கள். துண்டுக்கு வேறு கெட்டி ரகம் 150 கிராம் போதும். வாசனை மெக்கின்டாஷிலிருந்து, கடி மற்றதிலிருந்து.

மேப்பிள்இலை:
நன்றி. கோரித்தான் அளக்கிறனான், தராசு வாங்குறன். ஒன்று மட்டும் விளங்கவில்லை: அடி களியாக இருக்க, குச்சி எப்படிச் சுத்தமாக வருது? 350 போதாதா?

தராசுமுள்:
குச்சி குத்தும்போது பெரும்பாலும் பாதி ஆழத்தோடு நிறுத்திவிடுகிறோம், களி கீழே இருக்கிறது. அப்படியே அடிவரை போனாலும், வெளியே இழுக்கும்போது மேலே வெந்த பகுதி அதைத் துடைத்துவிடும். உறுதியாகத் தெரியவேண்டும் என்றால் குத்தும் வெப்பமானி. நடுவில் 200 முதல் 205 ஃபாரன்ஹீட், அதாவது 93 முதல் 96 செல்சியஸ் காட்டினால் இறக்கலாம். ஆப்பிள் துண்டில் குத்திவிடாதீர்கள், தப்பான எண் காட்டும்.

350 குழிக்குக் காரணமில்லை. அதில் சுட்டால் மேல்பக்கம் தட்டையாக வரும், அவ்வளவுதான். கூம்பு மாதிரி எழும்ப 425-ல் 6 நிமிடம், பிறகு கதவைத் திறக்காமல் 350-க்கு இறக்கி 13 முதல் 15 நிமிடம். முதல் சூட்டில் ஓரம் சட்டென்று இறுகி, நடு மேல்நோக்கித் தள்ளும். மஃபின் தட்டின் குழியை முக்கால்வரை நிரப்பினால் இந்த வித்தை பலிக்காது. விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரை நிரப்புங்கள், ஒரு குழிக்குச் சுமார் 85 கிராம்.

கலக்கும் முறைதான் மீதி. உலர்ந்தவை ஒரு பாத்திரம், ஈரமானவை இன்னொன்று. ஈரத்தை உலர்ந்ததில் ஊற்றி, அடியிலிருந்து மேலாக மடித்து மடித்து 10, 12 தடவை. வெள்ளை மாவுக் கோடுகள் தெரியும்போதே ஆப்பிளைப் போட்டு இன்னும் 3, 4 மடிப்பு. கட்டி இருந்தால் இருக்கட்டும். முட்டை அடிக்கும் பீட்டரைத் தொடாதீர்கள். கனடாவின் ஆல் பர்பஸ் மாவில் புரதம் 13 சதவீதம் அளவுக்கு இருக்கும், இந்திய மைதாவைவிடவும் பிரிட்டிஷ் பிளெயின் மாவைவிடவும் அதிகம். கொஞ்சம் கூடக் கலக்கினாலும் ரப்பராகும், உள்ளே எலிவளை மாதிரி நீள ஓட்டைகள் விழும். பயமாக இருந்தால் 30 கிராம் மாவை எடுத்துவிட்டு அந்த எடைக்குச் சோளமா (கார்ன்ஸ்டார்ச்) போடலாம்.

ஓவன்சூடு:
425 எல்லா ஓவனுக்கும் சரிப்படாது. காற்றாடி ஓடும் கன்வெக்‌ஷன் என்றால் 400 போதும், பிறகு 325. தட்டு கறுப்பு நான்‌ஸ்டிக் ஆனால் அது சூட்டை அதிகம் இழுக்கும், இன்னும் ஒரு 25 குறைக்கலாம். வதக்காத ஆப்பிளும் நிறைய பிரவுன் சுகரும் இருந்தால் 425-ல் ஓரம் கருகி, நடு வேகாமல் நிற்பதும் உண்டு. ஆகவே முதல் தடவை இரண்டே மஃபின் சுட்டுப் பார்த்துவிட்டு மிச்சத்தைப் போடுங்கள். பேக்கிங் பவுடர் சேர்த்த மாவு அரைமணி நேரம் தாராளமாகக் காத்திருக்கும், அந்த நேரத்தில் மாவு ஈரத்தைக் குடித்து இன்னும் கெட்டியாகும், அதுவும் நன்மைதான்.

கறுவாக்காடு:
250 கிராம் மாவுக்கு 1 தேக்கரண்டி கறுவா காணாது. ஆப்பிள் மணத்துக்கு முன்னால் அது எடுபடாது. வட அமெரிக்கக் கடைகளில் சாதாரணமாக விற்கும் தூள் பெரும்பாலும் காசியா, தடித்த பட்டை, காரம் கூட. அது என்றால் 2 தேக்கரண்டி. இலங்கைக் கறுவா மென்மை, இனிப்பு மணம், ஆனால் சூட்டில் கொஞ்சம் அடங்கிப்போகும், 3 தேக்கரண்டி வரை போடலாம். குச்சியாக வாங்கினால் வித்தியாசம் உடனே தெரியும்: இலங்கைக் கறுவா சுருட்டு மாதிரி மெல்லிய பல அடுக்கு, விரலால் நொறுங்கும். காசியா தடித்த ஒற்றைச் சுருள், உடைக்கக் கல் வேண்டும்.

மற்றவை: சுக்குத்தூள் அரைத் தேக்கரண்டி, அப்போதே துருவின சாதிக்காய் கால் தேக்கரண்டி, கராம்புத்தூள் ஒரு சிட்டிகை. கராம்பில் கை தவறக்கூடாது, கால் தேக்கரண்டிக்கு மேல் போனால் பல்வைத்தியர் அறை வாசம். ஆல்ஸ்பைஸ் பலர் நினைக்கிற மாதிரிக் கலவை அல்ல, ஜமைக்காவில் விளையும் ஒரே மரத்தின் காய். இருந்தால் கால் தேக்கரண்டி. ஏலக்காய் சேர்த்தால் கராம்பை விட்டுவிடுங்கோ, இரண்டும் மோதும்.

தூளை மாவோடு கலப்பதைவிட எண்ணெயோடு சேர்ப்பது நல்லது. 100 மில்லி எண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, மசாலாத்தூளைப் போட்டுக் கலக்கி 10 நிமிடம் வையுங்கோ. மணம் எண்ணெயில்தான் இறங்கும். புகைய விட்டால் கைக்கும்.

சைவச்சட்டி:
முட்டை இல்லாமல்: 2 முட்டைக்குப் பதில் கெட்டித் தயிர் 120 கிராம். ஆளிவிதைத்தூள் 1 மேசைக்கரண்டியை 3 மேசைக்கரண்டி தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து, வழுவழுப்பானதும் அதையும் சேருங்கள். மோரை 120 மில்லியாகக் குறைக்கவேண்டும், பேக்கிங் பவுடர் இரண்டரைத் தேக்கரண்டி. ஆப்பிள் 180 கிராமைத் தாண்டக்கூடாது, அதுவும் வதக்கியது. முட்டை தரும் பிடிப்பு இல்லாதபோது ஈரத்தைக் குறைப்பதுதான் ஒரே வழி. 3, 4 நிமிடம் கூடுதலாக வேகும். தட்டிலேயே 10 நிமிடம் விட்டு எடுங்கள், சூட்டோடு தூக்கினால் இடுப்பு ஒடியும்.

ஆப்பிள் சாஸ் மட்டும் போட்டு முட்டையை மாற்றலாம் என்று படிப்பீர்கள். உங்களுக்கு ஏற்கனவே களிப் பிரச்சினை, அந்தப் பக்கம் போகவேண்டாம்.

கூடைப்பழம்:
வைப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. முட்டை போட்டது 5 நிமிடத்தில் தட்டிலிருந்து வெளியே வந்து கம்பி வலையில் ஆறவேண்டும், இல்லாவிட்டால் அடியில் ஆவி நின்று திரும்பவும் ஈரமாகும். காகிதக் கப் சூட்டில் ஒட்டிக்கொண்டுதான் வரும், ஆறினால் கழன்றுவிடும். டப்பாவில் அடியிலும் மேலேயும் சமையலறைக் காகிதம் விரித்தால் மறுநாள் மேல்தோல் பிசுபிசுக்காது. இரண்டு நாள் வெளியில் இருக்கும். ஃபிரிஜ்ஜில் வைத்தால் காய்ந்த ரொட்டி மாதிரி ஆகும், அதற்குப் பதில் ஃப்ரீசரில் 2, 3 மாதம் வைக்கலாம். எடுத்து நேரே 350-ல் 10 நிமிடம்.

மேலே விதை தூவ ஆசைப்பட்டால் பூசணி விதை போடுங்கள். சூரியகாந்தி விதையை மாவுக்குள் கலந்தால் சோடாவோடு சேர்ந்து மறுநாள் உள்ளே பச்சைப் புள்ளி தெரியும். பூஞ்சணம் இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் விருந்தாளிக்கு அதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.