பக்கத்து ஆலையில் இருந்து ஆள் எடுக்கவே மாட்டோம் என்கிறார்கள், இது வழக்கம்தானா?

மணலி_ஹெச்ஆர்:
வணக்கம். மணலியில் ஒரு நடுத்தரக் கெமிக்கல் கம்பெனியில் ஹெச்ஆர் பார்க்கிறேன். எங்கள் பிளான்ட் ஹெட், அதாவது ஆலைத் தலைவர், மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். இந்தப் பதவிக்கு விளம்பரம் போட்டால் சரியான ஆள் வரமாட்டார் என்று எம்.டி. சொன்னதால் உயர் பதவிகளுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் பெரிய எக்ஸிகியூட்டிவ் சர்ச் கம்பெனி ஒன்றிடம் கொடுத்தோம், முதல் தவணைப் பணமும் கட்டியாகிவிட்டது. ஏழு வாரம் கழித்து ஐந்து பேர் பட்டியல் வந்தது, மூன்று பேர் குஜராத், ஒருவர் மும்பை, ஒருவர் விசாகப்பட்டினம். எண்ணூர், மணலி, திருவொற்றியூர் முழுக்க ஆலைகள்தானே, இங்கிருந்து ஒருத்தர்கூட கிடைக்கவில்லையா என்று கேட்ட பிறகுதான் சொல்கிறார்கள், அதில் மூன்று கம்பெனிகள் அவர்களுடைய கிளையன்ட்டாம், அங்கே கை வைக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். எங்களுக்கு வேண்டியது இந்த ஊர் யூனியனோடும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடும் பேசிப் பழகிய ஆள். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

தண்டையார்பேட்டை_முன்னாள்_கன்சல்டன்ட்:
சொல்லியிருக்க வேண்டும் மேடம், நீங்களும் கேட்டிருக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் இந்த வேலையில் இருந்தேன். இதற்கு ‘ஆஃப் லிமிட்ஸ்’ என்று பெயர். ஒரு கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே அதே கம்பெனியில் இருந்து ஆளைக் கிளப்பிக்கொண்டு போனால் யார் மறுபடி வேலை கொடுப்பார்கள்? அதனால் கடைசி வேலை முடிந்த நாளில் இருந்து ஒரு வருடம், சில ஒப்பந்தங்களில் இரண்டு வருடம், அங்கே யாரையும் கூப்பிடுவதில்லை. நாங்கள் உட்காரவைத்த ஆளை, அவர் அங்கே இருக்கும்வரை தொடுவதே இல்லை. இதில் தப்பில்லை, நாளைக்கு உங்களுக்கும் இதே பாதுகாப்புதான்.

சிக்கல் எங்கே என்றால், கம்பெனி பெரிதாகப் பெரிதாகக் கிளையன்ட்டும் கூடும், கதவுகளும் மூடிக்கொண்டே போகும். பெரிய பெயர் என்று நம்பித்தான் நீங்கள் போகிறீர்கள், ஆனால் உங்கள் தொழிலில் அவர்களுக்கு எவ்வளவு அனுபவமோ அவ்வளவுக்கு அந்தத் தொழிலில் அவர்களால் தொட முடியாத இடங்களும் இருக்கும். மும்பை மாதிரி ஊரில் பத்து இடம் போனால் இன்னும் நாற்பது இருக்கும். வடசென்னையில் உங்கள் அளவுக்கு இருக்கிற பிளான்ட்டே விரல்விட்டு எண்ணுகிற அளவுதான், அதில் மூன்று போனால் பாதி ஊர் போன மாதிரி. வழக்கமாக ஃபீஸ் முதல் வருடச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு, மூன்று தவணை. இரண்டாவது தவணைக்கு முன்னால் அவர்கள் தொட முடியாத கம்பெனிகளின் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். தடை குழுமம் முழுக்கவா, அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டுமா என்றும் கேளுங்கள், பல இடங்களில் யூனிட்டுக்கு மட்டும்தான் இருக்கும். அந்த மூன்று கம்பெனிக்கு மட்டும் சின்ன கன்சல்டன்ட் ஒருவரை வைக்கலாம், ஆனால் உங்கள் ஒப்பந்தத்தில் வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

கத்திவாக்கம்_இன்ஜினியர்:
நான் அந்தப் பக்கம் இருக்கிறவன். 24 வருடம் ஆபரேஷன்ஸ். என் பேட்ச்காரர்களுக்கெல்லாம் ஃபோன் வருகிறது, எனக்கு மட்டும் நான்கு வருடம் ஒரு அழைப்பும் இல்லை. என்னிடம்தான் ஏதோ குறை என்று உள்ளுக்குள் நொந்துபோயிருந்தேன். என் கம்பெனி அந்த சர்ச் கம்பெனிகளுக்குக் கிளையன்ட் என்பது பிறகுதான் தெரிந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை, நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, ஆனால் என் பெயர் மட்டும் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. மேடம், நீங்களே நேராகக் கூப்பிடுங்கள். எங்களை மாதிரி எத்தனையோ பேர் இங்கேயே இருக்கிறோம்.

பாரிமுனை_வக்கீல்:
அவர் சொல்வது சரி. அந்தத் தடை சர்ச் கம்பெனிக்குத்தான், உங்களுக்கு இல்லை. நீங்கள் நேரடியாகப் பேசலாம், அவரும் தானாக விண்ணப்பிக்கலாம். 1872 ஒப்பந்தச் சட்டம் 27வது பிரிவின்படி ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் உன் ஆளை நான் இழுக்க மாட்டேன் என்று இரண்டு தரப்பு தங்களுக்குள் எழுதிக்கொள்வது வேறு, விப்ரோ - பெக்மேன் கோல்டர் வழக்கில் 2006இல் டெல்லி உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட ஷரத்து 27வது பிரிவுக்கு விரோதம் இல்லை என்றது.

ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள். பக்கத்து ஆலை முதலாளியோடு உட்கார்ந்து ‘உன் ஆளை நான் எடுக்கவில்லை, என் ஆளை நீ எடுக்காதே’ என்று பேசி வைத்துக்கொள்வது. சர்ச் கம்பெனி தன் கிளையன்ட்டுக்குக் கொடுக்கும் வாக்கும் அதுவும் ஒன்றல்ல. அமெரிக்காவில் ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி நான்கும் இப்படிச் செய்ததாக ஊழியர்கள் போட்ட வழக்கில் 2015இல் 41.5 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டார்கள்.

மணலி_ஹெச்ஆர்:
எல்லோருக்கும் நன்றி. இன்று பட்டியல் கேட்டு மெயில் போட்டேன், மூன்று இல்லை, ஐந்து கம்பெனி. இரண்டு இடத்தில் தடை வரும் ஜூனில்தான் முடிகிறது, அதற்குள் எங்கள் பிளான்ட் ஹெட் ஓய்வு பெற்றுப் போய்விடுவார். இரண்டாவது தவணையை நிறுத்தி வைக்கச் சொல்லி எம்.டி.யிடம் பேசிவிட்டேன். கத்திவாக்கம் சார், உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், நேரம் கிடைக்கும்போது பாருங்கள்.