வீட்டில் ஆக்சிஜன் மெஷின்: எத்தனை மணி நேரம், எத்தனை லிட்டர்? உங்கள் அனுபவம்

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து, அம்மாவுடன் இருக்கும் மகள்:

அம்மா பீடி, சிகரெட் பக்கமே போனவர் இல்லை. 35 வருஷம் இட்லிக்கடை. விடிகாலை 4 மணிக்கு மூட்டும் விறகடுப்பு பதினோரு மணிக்குத்தான் அணையும். 'வீசிங்' என்று சொல்லியே பல வருஷம் மாத்திரை விழுங்கினார். ஒரு குழாயில் ஊதச் சொல்லும் டெஸ்ட் எடுத்த பிறகுதான் சிஓபிடி என்று தெரிந்தது, அதாவது பெரும்பாலும் புகையால் மூச்சுக்குழாய்கள் சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய். நெஞ்சு நிறைய இழுத்து ஊதும் காற்றில் 70 சதவீதமாவது முதல் நொடியிலேயே வெளியே வர வேண்டுமாம். மருந்து கொடுத்து ஊதச் சொன்ன பிறகும் அம்மாவுக்கு 48தான்.

போன வருஷம் வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. "எந்நேரமும் போட்டிருக்கணும்" என்று சொல்லி அனுப்பினார்கள். மெஷின் கூடத்து மூலையில். 7 மீட்டர் குழாய் சமையலறை வரை வரும், கொல்லைக் கதவுக்கு ஓரடி முன்னால் நின்றுவிடும். எங்கள் வீட்டுச் சண்டையெல்லாம் அந்த ஓரடிக்காகத்தான். துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமென்றால் அம்மா மெஷினை அணைத்து, குழாயைக் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். அணைப்பது கரண்ட் பில்லுக்காக. நான் ஆபீசிலிருந்து வந்து தாழ்ப்பாளில் தொங்கும் குழாயைப் பார்த்ததும் கத்த ஆரம்பிப்பேன். காதுக்கு மேல் குழாய் அறுத்துப் புண்ணாகி, பஞ்சு சுற்றிக் கொடுத்தும் ஆறவில்லை.

நாலு மாதம் கழித்து வேறொரு நெஞ்சு மருத்துவரிடம் போனோம். "எத்தனை மணி நேரம் போடுறீங்கம்மா?" என்று கேட்டார். "நாள் முழுக்க சார்" என்றார் அம்மா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். மெஷினில் இதுவரை ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று உண்டு. அதைப் போட்டோ எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். 1,944. அவர் 120 நாளால் வகுத்துப் பார்த்தார். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரமும் கொஞ்சமும். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் திட்டவில்லை, "இதுவே போதும்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கமாகவே சொன்னார். 1980இல் அமெரிக்காவில் 203 பேரை வைத்து, ராத்திரி மட்டும் ஆக்சிஜன், நாள் முழுக்க ஆக்சிஜன் என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். நாள் முழுக்கப் போட்டவர்கள் கூடுதல் காலம் உயிரோடு இருந்தார்கள். அடுத்த வருஷம் பிரிட்டனில் 15 மணி நேரம் போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டார்கள். அதிலும் ஆக்சிஜனுக்குத்தான் வெற்றி. ஆனால் 15க்கும் 24க்கும் நேர் போட்டி வைத்துப் பெரிதாக ஒருவரும் பார்க்கவில்லை. 2024இல்தான் ஸ்வீடனில் வந்த ஆய்வு அதைச் செய்தது. புதிதாக ஆக்சிஜன் ஆரம்பித்த 241 பேர், பெரும்பாலோர் சிஓபிடிக்காரர்கள். ஒரு வருஷத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது, இறந்தது இரண்டையும் கூட்டிப் பார்த்தால் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே கணக்கு.

நாற்பது வருஷத்துக்கு மேல் யாருக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லையா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

தஞ்சாவூரிலிருந்து:

அக்கா, நேரம் ஒரு பக்கம் இருக்கட்டும், லிட்டர்தான் எங்களைப் படுத்தியது. பெரியப்பாவுக்கு நிமிஷத்துக்கு 1 லிட்டரில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் ராத்திரி இளைப்பு கூடியதும் நான்தான் 5 லிட்டருக்குத் திருகினேன். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் விரல் மெஷினில் 98 வந்தது, நிம்மதியாகத் தூங்கப் போனேன். காலையில் எழுப்பினால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி சாய்கிறார். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில். ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு நாடியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது கார்பன் டை ஆக்சைடு ஏறிக் கிடந்தது. இந்த நோயில் சிலருக்கு ஆக்சிஜன் அளவுக்கு மீறினால் இப்படித் தேங்குமாம், அதுதான் அந்த மயக்கம்.

விரல் மெஷினில் 88க்கும் 92க்கும் நடுவில் இருந்தால் போதும் என்று ஒரு சீட்டில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டிக் கொடுத்தார்கள். டாஸ்மேனியாவில் ஆம்புலன்சில் ஏற்றிய 405 பேரை வைத்து 2010இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. சிஓபிடி உறுதியானவர்களில், தாராளமாக ஆக்சிஜன் கொடுத்த பக்கத்தைவிட, அளந்து கொடுத்த பக்கம் மரணம் 78 சதவீதம் குறைவு. அந்த எண்ணைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரியப்பா பிழைத்துவிட்டார். இப்போது நான் மெஷின் பக்கம் போனாலே "கையைக் கட்டிக்கிட்டு நில்லுடா" என்கிறார்.

இன்னொன்று அக்கா, குழாய் சமையலறை வரை வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுப்பு எரியும்போது அந்தப் பக்கமே வேண்டாம், ஆக்சிஜனுக்குப் பக்கத்தில் தீ சட்டென்று பற்றும்.

கோவையிலிருந்து:

நாங்கள் அவசரப்பட்டு வாங்கி ஏமாந்த கதை. கொரோனா காலத்தில் வாங்கிய விரல் மெஷினில் அப்பாவுக்கு 91 காட்டியது. பயந்துபோய் நாங்களாகவே கான்சன்ட்ரேட்டர், அதாவது இதே ஆக்சிஜன் மெஷின், வாங்கிவிட்டோம். டாக்டர் பார்த்துவிட்டு அப்பாவுக்கு இது தேவையே இல்லை என்றார். உட்கார்ந்திருக்கும்போது 89இலிருந்து 93 வரை இருப்பவர்கள், நடந்தால் மட்டும் இறங்குபவர்கள் என 738 பேரை வைத்து அமெரிக்காவில் பார்த்து, 2016இல் முடிவு வெளியிட்டார்களாம். ஆக்சிஜன் போட்டும் ஆயுளிலோ ஆஸ்பத்திரி போவதிலோ வித்தியாசம் இல்லை. மெஷின் மேல் இப்போது அப்பாவின் துண்டு காய்கிறது.

சரி, சிஓபிடிக்குப் புதிதாக ஊசி வந்திருக்கிறதே, யாராவது போட்டீர்களா?

மறுபடி ஈரோட்டு மகள்:

தம்பி, தீ விஷயம் எனக்கு உறைக்கவே இல்லை. அன்றைக்கே ஒரு கொக்கி அடித்து, குழாய் சமையலறை வாசலோடு நிற்கும்படி செய்துவிட்டேன்.

ஊசி பற்றி நானும் கேட்டேன். டுபிலுமாப், இரண்டு வாரத்துக்கு ஒன்று. 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் சிஓபிடிக்கு அனுமதி கொடுத்தார்கள். 939 பேரை வைத்துச் செய்த சோதனையில், திடீரென்று இளைப்பு முற்றுவது 30 சதவீதம் குறைந்தது. ஆனால் அவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் மூன்று மருந்து இன்ஹேலர் எடுத்தும் அடங்காதவர்கள். ரத்தத்தில் இயோசினோபில் என்ற ஒரு வகை வெள்ளை அணு 300க்குக் குறையாதவர்களை மட்டும்தான் சேர்த்தார்கள். சாதாரண ரத்த டெஸ்ட் சீட்டிலேயே அந்த எண் இருக்கும். அம்மாவுக்கு 140, அதனால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

அம்மா மெஷின் இல்லாத தன் ஒன்பது மணி நேரத்தைக் காலை 6 முதல் 10, சாயங்காலம் 4 முதல் 9 என்று பிரித்து வைத்திருக்கிறார். 4 மணிக்கு மெஷின் சத்தம் நின்றால் போதும், பக்கத்து வீட்டு அத்தை வெற்றிலைப் பெட்டியோடு திண்ணைக்கு வந்துவிடுகிறார்.