மாத இறுதியில் நினைவகம் தீர்ந்து விழும் போஸ்ட்கிரெஸ் சர்வர்: உதவி தேவை

நெல்லைத்தரவு (கேட்டவர்):

அனைவருக்கும் வணக்கம். மருந்து மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றின் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். தரவுத்தள மென்பொருள் போஸ்ட்கிரெஸ் 15, உபுண்டு 22.04, 32 ஜிபி ரேம், 16 கோர். ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் வட்டு இடம்) கிடையாது. மாதத்தின் கடைசி இரண்டு நாள்களில் கிளைகள் எல்லாம் இருப்பு அறிக்கை எடுப்பார்கள். அந்த நாள்களில், பெரும்பாலும் மாலை ஆறு மணிக்கு மேல், எல்லா இணைப்புகளும் ஒரே நொடியில் அறுந்துவிடுகின்றன. சிறிது நேரம் "தரவுத்தளம் மீட்பு நிலையில் இருக்கிறது" என்ற செய்தி வருகிறது. பிறகு தானாகவே எழுந்துவிடுகிறது. அதற்குள் பில் போட்டுக்கொண்டிருந்தவர்களின் முடிக்காத பில்கள் போய்விடுகின்றன. மருந்துக் கடைக்காரர்கள் கவுண்டரில் காத்து நிற்கிறார்கள். திட்டு முழுவதும் பில் போடும் பிள்ளைகளுக்கு விழுகிறது. அதைப் பார்க்கவே மனம் பொறுக்கவில்லை.

போஸ்ட்கிரெஸ் பதிவில் ஒரு செயல் (பிராசஸ்) "சிக்னல் 9: கில்டு" என்று முடிந்ததாக இருக்கிறது. கெர்னல் (இயக்க முறைமையின் மையப் பகுதி) பதிவில் "அவுட் ஆஃப் மெமரி: கில்டு பிராசஸ்" என்ற வரியும், அந்தச் செயல் வைத்திருந்த சொந்த நினைவகம் 610 எம்பி என்ற குறிப்பும் இருக்கின்றன. என் குழப்பமே இங்கேதான். கொல்லப்பட்ட செயல் வைத்திருந்தது 610 எம்பி மட்டும் என்றால், மீதி 31 ஜிபி எங்கே போனது?

அமைப்புகள், முன்பு நிறுவியவர்கள் வைத்தபடியே:

ஷேர்டு_பஃபர்ஸ் = 8 ஜிபி (எல்லா இணைப்புகளுக்குமான பொது நினைவகம்)
வொர்க்_மெம் = 128 எம்பி (வினவல் வேலைக்கான நினைவக வரம்பு)
மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் = 500
மேக்ஸ்_வொர்க்கர்_பிராசஸஸ் = 24
மேக்ஸ்_பேரலல்_வொர்க்கர்ஸ் = 16
மற்றவை இயல்பு மதிப்புகள். இணைப்புத் தொகுப்பான் (சில இணைப்புகளைப் பலருக்கும் பகிர்ந்து கொடுக்கும் இடைநிரல்) எதுவும் நடுவில் இல்லை. ஜாவா பயன்பாடு நேரடியாக இணைகிறது. மாலையில் சராசரியாக 310 இணைப்புகள் திறந்திருக்கும்.

இரவுப்பணி:

எங்களிடமும் இதே தொல்லை இருந்தது. அரை மணிக்கு ஒருமுறை கெர்னலின் கோப்புத் தற்காலிகச் சேமிப்பைக் காலிசெய்யும் கட்டளையைக் கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் சேவை) போட்டோம். ஃப்ரீ கட்டளையில் உடனே நிறைய இடம் காட்டும். அது போதவில்லை என்றால் ரேமை 64 ஜிபி ஆக்கிவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் செயல்கள் அனைத்துக்கும் ஓஓஎம் மதிப்பெண்ணை (நினைவகம் தீர்ந்தால் யாரைக் கொல்வது என்று கெர்னல் பார்க்கும் எண்) -1000 ஆக்கினால் கெர்னல் அவற்றைத் தொடவே தொடாது.

பழையகணினி:

நெல்லைத்தம்பி, மேலே சொன்ன மூன்றையும் தயவுசெய்து இப்போது செய்யாதீர்கள். இரவுப்பணி நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் கோப்புத் தற்காலிகச் சேமிப்பு என்பது யாராவது கேட்டால் கெர்னல் உடனே விட்டுக்கொடுத்துவிடும் இடம். அதனால் யாரும் கொல்லப்படுவதில்லை. அதைக் காலிசெய்தால் அடுத்த அரை மணி நேரம் எல்லா வினவல்களும் வட்டுக்கு ஓடும், அவ்வளவுதான் பலன். ஃப்ரீ கட்டளையில் பார்க்க வேண்டியது "அவைலபிள்" என்ற பத்தியை. "ஃப்ரீ" என்ற பத்தியை அல்ல. எல்லாச் செயல்களுக்கும் -1000 கொடுத்தால் கெர்னல் வேறு யாரையாவது கொல்லும். எஸ்எஸ்எச் சேவை போய்விட்டால் நீங்கள் உள்ளே நுழையவே முடியாது. தாய்ச் செயலுக்கு (போஸ்ட்கிரெஸின் முதல் செயல்) மட்டும் பாதுகாப்பு கொடுத்து, அது தொடங்கிவைக்கும் பிள்ளைச் செயல்களுக்கு மதிப்பெண்ணைப் பூஜ்யமாக வைப்பதுதான் போஸ்ட்கிரெஸ் ஆவணம் சொல்லும் முறை.

ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். நினைவகம் தீர்ந்தது என்ற புகார் போஸ்ட்கிரெஸில் இரண்டு விதமாக வரும். ஒன்று, போஸ்ட்கிரெஸ் நினைவகம் கேட்டு, கெர்னல் "இல்லை" என்று சொல்வது. அப்போது அந்த ஒரு வினவல் மட்டும் பிழையோடு நிற்கும். நினைவகம் எங்கெங்கே இருக்கிறது என்ற நீண்ட பட்டியலும் பதிவில் விழும். மற்றவர்கள் தம் வேலையைத் தொடர்வார்கள். இரண்டாவது உங்களுடையது. கெர்னல் "இருக்கிறது, எடுத்துக்கொள்" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, கடைசியில் கொடுக்க முடியாமல் ஒருவரைக் கொல்வது. ஒரு பிள்ளைச் செயல் சிக்னல் 9 வாங்கிச் செத்தால், பொது நினைவகத்தை அது எந்த நிலையில் விட்டுப்போனது என்று தாய்ச் செயலுக்குத் தெரியாது. ஆகவே எல்லா இணைப்புகளையும் வெட்டிவிட்டு, வால் பதிவிலிருந்து (மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவு) மீட்பைத் தொடங்கும். கமிட் ஆன பில்கள் பத்திரமாக இருக்கும். ஆகாதவை போய்விடும். நீங்கள் பார்ப்பது இதைத்தான்.

கொல்லப்பட்டவன் குற்றவாளி என்று நினைக்க வேண்டாம். அந்த நொடியில் கெர்னல் கணக்கில் யாருக்கு மதிப்பெண் அதிகமோ, அவன் மாட்டிக்கொண்டான். உங்கள் 31 ஜிபியைத் தேட மூன்று விவரங்கள் வேண்டும்:

– மாலை நேரத்தில் மெம்இன்ஃபோ கோப்பில் (கெர்னலின் நினைவகக் கணக்கு) "பேஜ்டேபிள்ஸ்", "ஹியூஜ்பேஜஸ்_டோட்டல்" என்ற இரண்டு வரிகள்.
– அறிக்கை வினவலின் எக்ஸ்பிளைன் அனலைஸ் (வினவல் எப்படி ஓடியது என்று காட்டும் கட்டளை) வெளியீடு. எத்தனை ஹாஷ் (தேடு அட்டவணை), எத்தனை சார்ட் (வரிசைப்படுத்தல்), எத்தனை துணைச் செயல்கள் (ஒரே வினவலைப் பகிர்ந்து செய்பவை) என்று மட்டும் சொன்னால் போதும்.
– ஒரே நேரத்தில் அந்த அறிக்கையை எத்தனை பேர் எடுக்கிறார்கள்.

டாப் கட்டளையில் வரும் ரெஸ் பத்தியைக் கூட்டிவிடாதீர்கள். 8 ஜிபி பொது நினைவகத்தை ஒவ்வொரு செயலும் தன்னுடையது போலக் காட்டும். கூட்டினால் நூறு ஜிபிக்கு மேல்கூட வரலாம்.

நெல்லைத்தரவு:

மிக்க நன்றி ஐயா. இன்று மாலை எடுத்தேன்.

பேஜ்டேபிள்ஸ்: 43,12,040 கேபி
ஹியூஜ்பேஜஸ்_டோட்டல்: 0

எக்ஸ்பிளைனில் இரண்டு ஹாஷ், ஒரு சார்ட், இரண்டு துணைச் செயல்கள். ஹாஷ் வரிகளில் "பேட்சஸ்: 1" என்றும், நினைவகம் ஒவ்வொன்றிலும் 230 எம்பிக்கு மேல் என்றும் காட்டுகிறது. வொர்க்_மெம் 128 தானே, 230 எப்படி வருகிறது? பெரிய கிளைகள் எட்டும் ஒரே நேரத்தில் அறிக்கை எடுக்கும். அலுவலகம் மூடுவதற்கு முன் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது அங்கே விதி.

பழையகணினி:

நல்ல விவரங்கள் தம்பி. இப்போது கணக்குப் போடலாம்.

முதலில் 230. போஸ்ட்கிரெஸ் 13இல் ஹாஷ்_மெம்_மல்டிபிளையர் என்ற அமைப்பு வந்தது. அதன் இயல்பு மதிப்பு 14 வரை 1 ஆக இருந்தது, 15இல் 2 ஆகிவிட்டது. ஆகவே உங்கள் சர்வரில் ஒரு ஹாஷ் 256 எம்பி வரை எடுக்கலாம். வொர்க்_மெம் என்பது இணைப்புக்கான வரம்பும் அல்ல, வினவலுக்கான வரம்பும் அல்ல. வினவல் திட்டத்தில் உள்ள ஒவ்வொரு ஹாஷுக்கும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் தனித்தனி. துணைச் செயல் ஒவ்வொன்றுக்கும் மீண்டும் தனி. உங்கள் திட்டத்தில் "பேரலல் ஹாஷ்" என்று இல்லாமல் வெறும் "ஹாஷ்" என்று இருந்தால், ஒவ்வொரு துணைச் செயலும் தனக்கென ஒரு முழுப் பிரதியைக் கட்டிக்கொள்ளும்.

ஒரு செயலுக்கு: 256 + 256 + 128 = 640 எம்பி. கொல்லப்பட்ட செயலின் 610 எம்பி இங்கே பொருந்துகிறது பாருங்கள். முதன்மைச் செயலும் இரண்டு துணைச் செயல்களும் சேர்ந்து 1,920 எம்பி. எட்டுக் கிளைகளுக்கு ஏறத்தாழ 15 ஜிபி.

அடுத்தது பலரும் கவனிக்காத இடம்: பேஜ் டேபிள். லினக்ஸில் ஒரு சாதாரணப் பக்கம் 4 கேபி. 8 ஜிபி ஷேர்டு பஃபர்ஸ் என்றால் ஏறத்தாழ 21 லட்சம் பக்கங்கள். எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ள ஒவ்வொன்றுக்கும் 8 பைட். மொத்தம் 16 எம்பி. பஃபர்கள் பொதுவானவை, ஆனால் இந்தக் குறிப்பேடு பொதுவானது அல்ல. ஒவ்வோர் இணைப்பின் செயலும் தனக்கென ஒன்றை எழுதிக்கொள்ளும். செயல் தொட்ட பக்கங்களுக்கு மட்டும்தான் பதிவு விழும் என்பதால் காலையில் புதிதாகத் திறந்த இணைப்பில் அது சிறியதாக இருக்கும். ஆனால் நாள் முழுவதும் திறந்தே கிடக்கும் ஜாவா இணைப்புகள் மாலைக்குள் ஏறக்குறைய எல்லாப் பக்கங்களையும் தொட்டிருக்கும். 310ஐ 16ஆல் பெருக்கினால் 4,960 எம்பி. உங்களுடையது 4.1 ஜிபி. ஒரே ஒரு வரித் தரவும் இல்லாத, வெறும் குறிப்பேட்டுக்கு 4 ஜிபி! இந்தச் செலவு டாப் கட்டளையில் எந்தச் செயலின் பெயரிலும் வராது. அதனால்தான் உங்கள் கண்ணில் படவில்லை.

இப்போது கூட்டுங்கள். பொது நினைவகம் 8, பேஜ் டேபிள் 4, அறிக்கைகள் 15. ஆக 27. அதோடு 310 இணைப்புகளும் அட்டவணை விவரங்களைத் தம் சொந்த நினைவகத்தில் வைத்திருக்கும். ஆளுக்குப் பத்து எம்பி என்றாலும் 3 ஜிபி. இயக்க முறைமைக்கு என்ன மிச்சம்? 64 ஜிபி ரேம் வாங்கினால் இந்த மாதம் தப்பிக்கலாம். ஷேர்டு பஃபர்ஸையும் யாராவது 16 ஆக்கிவிட்டால் பேஜ் டேபிளும் இரட்டிப்பாகும்.

செய்ய வேண்டியவை, இந்த வரிசையிலேயே:

வொர்க்_மெம்மை 16 எம்பி ஆக்குங்கள். மறுதொடக்கம் தேவையில்லை, ரீலோட் போதும். இன்றே செய்யலாம். அறிக்கைக்குத் தனிப் பயனர் கணக்கு இருந்தால் அதற்கு மட்டும் ஆல்டர் ரோல் மூலம் 64 எம்பி கொடுங்கள். ஹாஷ் வட்டுக்குப் போகும், பேட்சஸ் (ஹாஷைப் பிரிக்கும் துண்டுகள்) எண்ணிக்கை கூடும், அறிக்கை சற்றுத் தாமதமாகும். லாக்_டெம்ப்_ஃபைல்ஸை இயக்கி வைத்தால் எந்த வினவல் எவ்வளவு வட்டுக்கு எழுதுகிறது என்று தெரியும்.

பிறகு ஹியூஜ் பேஜ். பக்கம் 4 கேபிக்குப் பதில் 2 எம்பி ஆகும்போது 21 லட்சம் பதிவுகள் 4,096 ஆகச் சுருங்கும். எத்தனை வேண்டும் என்பதைப் போஸ்ட்கிரெஸ் 15 தானே சொல்லும்: ஷோ ஷேர்டு_மெமரி_சைஸ்_இன்_ஹியூஜ்_பேஜஸ். அந்த எண்ணைவிடச் சற்றுக் கூடுதலாகக் கெர்னலில் ஒதுக்குங்கள். ஹியூஜ்_பேஜஸ் அமைப்பை இயல்பான "ட்ரை"யிலிருந்து "ஆன்" ஆக்குங்கள். "ட்ரை" என்றால் இடம் போதாதபோது எதுவும் சொல்லாமல் பழைய 4 கேபிக்கே திரும்பிவிடும். நீங்கள் சரியாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். "ஆன்" என்றால் தொடங்க மறுக்கும், உங்களுக்கும் உடனே தெரிந்துவிடும்.

மூன்றாவதாக ஓவர்கமிட் (இருப்பதற்கு மேல் நினைவகம் தருவதாகக் கெர்னல் வாக்குக் கொடுப்பது). அதை இந்த இரண்டும் முடிந்த பிறகு பேசுவோம்.

இரவுப்பணி:

பேஜ் டேபிள் விவரம் எனக்குப் புதிது, நன்றி ஐயா. எங்கள் சர்வரில் இப்போதே பார்த்தேன். 2.7 ஜிபி. கிரானில் இருந்த வரியை நீக்கிவிட்டேன்.

நெல்லைத்தரவு:

வொர்க்_மெம்மை அன்றே மாற்றினேன். ஞாயிறு இரவு ஹியூஜ் பேஜும் முடிந்தது. ஷோ கட்டளை 4,246 என்றது, 4,300 ஒதுக்கினேன். முதல் தடவை சர்வர் எழவில்லை. கெர்னலால் தொடர்ச்சியான இடம் திரட்ட முடியாமல் 3,900 சொச்சம்தான் கிடைத்திருந்தது. சிஸ்கன்ட்ரோல் கோப்பில் (கெர்னல் அமைப்புகள் இருக்கும் கோப்பு) எழுதி இயந்திரத்தை மறுதொடக்கம் செய்தவுடன் முழுதும் கிடைத்தது. "ஆன்" வைக்கச் சொன்னதன் அருமை அப்போது புரிந்தது ஐயா. இன்று மாலை அதே 310 இணைப்புகளோடு பேஜ்டேபிள்ஸ் 250 எம்பிக்கும் கீழே.

ஓவர்கமிட்டை இப்போது 2 ஆக்கலாமா?

பழையகணினி:

நான்கு ஜிபி கால் ஜிபி ஆனதைப் படிக்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது தம்பி.

ஓவர்கமிட்டை 2 ஆக்கினால் கெர்னல் தன்னிடம் இருப்பதற்கு மேல் வாக்குக் கொடுக்காது. தட்டுப்பாடு வந்தால் கேட்கும் வினவல் மட்டும் பிழை வாங்கும். பில் போடுபவர்களின் இணைப்பு அறாது. உங்களுக்கு வேண்டியது அதுதான். ஆனால் ரேமில் எத்தனை சதவீதம்வரை வாக்குக் கொடுக்கலாம் என்ற விகிதத்தைப் பார்க்காமல் இதை மாற்றினால் சர்வர் மூச்சுத்திணறும். விகிதத்தின் இயல்பு மதிப்பு 50. ஹியூஜ் பேஜுக்கு ஒதுக்கிய இடத்தைக் கழித்துவிட்டுத்தான் விகிதம் போடப்படும். 32இல் 8.4 போக 23.6, அதில் பாதி 11.8 ஜிபி. ஸ்வாப்பும் இல்லை. காலை பத்து மணிக்கே பிழைகள் வரத் தொடங்கிவிடும். 4 ஜிபி ஸ்வாப் போட்டு, விகிதத்தை 80 ஆக்குங்கள். 18.9உம் 4உம் சேர்ந்து 23 ஜிபி அளவில் வரம்பு வரும். மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் மெம்இன்ஃபோவில் "கமிட்டட்_ஏஎஸ்" வரியை (கெர்னல் கொடுத்திருக்கும் வாக்குகளின் மொத்தம்) கவனியுங்கள். அதன் உச்சம் அந்த வரம்புக்குக் கீழே நன்றாக அடங்கினால் மட்டும் மாற்றுங்கள்.

கோட்டாறு_ஜாவா:

இடையில் ஒரு வார்த்தை. 310 இணைப்புகளில் ஒரு நொடியில் உண்மையாக வேலை செய்பவை எத்தனை? பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் பாருங்கள். 20, 30க்கு மேல் இருக்காது. பிஜிபவுன்சர் என்ற இணைப்புத் தொகுப்பானைப் பரிவர்த்தனை முறையில் (ஒரு பரிவர்த்தனை முடிந்ததும் இணைப்பை அடுத்தவருக்குக் கொடுக்கும் முறை) நடுவில் வைத்தால் 40 இணைப்பே போதும். ஆனால் பயன்பாட்டுக் குறியீட்டை முதலில் அலச வேண்டும். இணைப்பு திறந்தவுடன் கிளை எண்ணை "செட்" கட்டளையால் குறித்துவைக்கும் பழக்கம் பல ஜாவா பயன்பாடுகளில் உண்டு. பரிவர்த்தனை முறையில் அந்த மதிப்பு அடுத்த கிளையின் வேலைக்கும் ஒட்டிக்கொண்டு போய்விடும். ஒரு கிளையின் இருப்பு இன்னொரு கிளையின் அறிக்கையில் வந்தால் சர்வர் விழுவதைவிட மோசம். "செட் லோக்கல்" ஆக்கினால் பரிவர்த்தனையோடு முடிந்துவிடும். அமர்வு அளவிலான பூட்டுகள், லிசன், தற்காலிக அட்டவணைகள் இருந்தாலும் கவனம் தேவை. தயாரித்த கூற்றுகளுக்கு (ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்ஸ்) பிஜிபவுன்சர் 1.21 முதல் ஆதரவு இருக்கிறது. அதற்கு முந்தையது என்றால் ஜேடிபிசி இணைப்பு முகவரியில் ப்ரிப்பேர்த்ரெஷோல்டு=0 என்று சேர்க்க வேண்டும்.

நெல்லைத்தரவு:

மாத இறுதி முடிந்தது. எட்டுக் கிளைகளும் வழக்கம்போல ஒன்றாகத்தான் அறிக்கை எடுத்தன. "அவைலபிள்" ஒருபோதும் 9 ஜிபிக்குக் கீழே இறங்கவில்லை. கெர்னல் பதிவில் கொலை எதுவும் இல்லை. அறிக்கை முன்பு 40 நொடி, இப்போது 55 நொடி; யாரும் புகார் சொல்லவில்லை. கமிட்டட்_ஏஎஸ் உச்சம் 16 ஜிபி. வரும் ஞாயிறு ஓவர்கமிட்டை மாற்றுகிறேன்.

கோட்டாறு நண்பர் சொன்னது அப்படியே இருக்கிறது. கிளை எண்ணை "செட்" மூலம்தான் வைத்திருக்கிறார்கள், பதினாறு இடங்களில். அவற்றை மாற்றி முடிக்கும்வரை பிஜிபவுன்சர் வைப்பதாக இல்லை. மாற்றும்போது வரும் சந்தேகங்களைத் தனி இழையில் கேட்கிறேன்.

கோட்டாறு_ஜாவா:

கேளுங்கள். அந்தப் பதினாறோடு, இணைப்புத் தொகுப்பின் தொடக்கக் கட்டளை அமைப்பையும் பாருங்கள். அங்கே ஒரு "செட்" இருந்தால் குறியீட்டைத் தேடும்போது கண்ணில் படாது.